சார் வரட்டும்

தேவிகுளம் தாலுகாவில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு தமிழ்ச் சபைக்கு நான் பல வருஷம் செயலராக இருந்தேன். சபையின் பெயரைச் சொல்ல வேண்டாம். இதில் வருகிற மனிதர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். சிலருக்கு என்மேல் வருத்தம்கூட மிச்சம் இருக்கலாம். தொழிலால் நான் பள்ளிக்கூட வாத்தியார். எஸ்டேட்டில் வாத்தியாரை எல்லாரும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வருஷங்களில் எங்கள் சபையில் அதிகம் புழங்கிய வாக்கியம் ‘சார் வரட்டும்’. ஆலயத்துக் கூரை ஒழுகினால் சார் வரட்டும். கல்லறைத் தோட்டத்துக் கேட்டைத் திறக்க வேண்டுமென்றால் சார் வரட்டும். கிறிஸ்துமஸ் பஜனையை எந்த லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், தொடங்குவது என்றாலும் சார் வரட்டும். கேட்கும்போதெல்லாம் சலித்துக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.

மலைச் சபை நடக்கிற விதம் சமவெளிக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. சேகரத்துக்கு ஒரு போதகர். அவர் பொறுப்பில் பல சபைகள். ஒரு எஸ்டேட்டுக்கும் அடுத்த எஸ்டேட்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிற ஜீப் பாதை. மழைக்காலத்தில் அதுவும் இராது. திருவிருந்து இருக்கிற ஞாயிறுகளில் போதகர் வருவார். மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியர், அவரும் இல்லாவிட்டால் செயலர். சாவு, சண்டை, கடன், ஆஸ்பத்திரி எதுவும் திருவிருந்து ஞாயிறு பார்த்து வருவதில்லை. ஆகவே சபையை யார் நடத்துகிறார்கள் என்ற கேள்வி இங்கே போதகரைப் பற்றியதாக இருப்பது குறைவு. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் யார் என்பதுதான் கேள்வி.

எங்கள் ஊரில் அதற்குப் பதில் ரொம்பப் பழையது. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் இந்த மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. காட்டை வெட்டித் தேயிலை வைக்கத் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைப் பக்கத்திலிருந்து ஆள் கொண்டுவந்தவர் கங்காணி. முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பார், கூட்டிக்கொண்டு மலையேறுவார், வேலை வாங்குவார், கூலியில் தன் பங்கைப் பிடிப்பார், துரையிடம் பேசுவார், லயத்துச் சண்டையையும் தீர்ப்பார். துரையின் மொழி தொழிலாளிக்குத் தெரியாது, தொழிலாளியின் கஷ்டம் துரைக்குத் தெரியாது. நடுவே நிற்கிற ஒருவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். அவருடைய அதிகாரம் முழுவதும் அந்த ஒன்றில்தான் இருந்தது. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது, தொழிற்சங்கங்கள் வேரூன்றின, கங்காணி முறை போய்விட்டது. அந்த முறையில் பழகிய மனசு மட்டும் போகவில்லை. நமக்காகப் பேச ஒருத்தர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்கிற நினைப்பு லயத்திலிருந்து கிளம்பி ஆலயத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

1956 நவம்பரில் கேரளம் உருவானபோது, தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று பலர் போராடிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. பாலக்காட்டுப் பக்கம் சித்தூரின் தமிழ்க் கிராமங்களும் அப்படியே. வீட்டில் தமிழ், பைபிள் தமிழ், பாட்டு தமிழ்; ஆனால் பஞ்சாயத்துக் கடிதமும் வில்லேஜ் ஆபீஸ் நோட்டீசும் மலையாளம். எனக்கு மலையாளம் சரளமாக எழுதப் படிக்க வரும். சபையில் என் வயதுக்காரர்களில் வேறு யாருக்கும் வராது. நான் செயலரானதற்கு என் விசுவாசம் காரணம் என்று அப்போது நம்பினேன். உண்மையில் எழுத்துதான் காரணம்.

கமிட்டிக் கூட்டம் எப்படி நடக்கும் என்று சொன்னால் மீதி விளங்கும். ஞாயிறு ஆராதனை முடிந்து, பீடத்துக்குப் பக்கத்து அறையில் உட்காருவோம். எல்லாரும் ஆண்கள். தீர்மானப் புத்தகத்தில் தீர்மானங்களை முந்தின இரவே எழுதிவைத்திருப்பேன். வாசிப்பேன். ஒருவர் முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார். ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற வரியும் இரவே எழுதியதுதான். டீ ஆறுவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். எங்கள் சபையில் கருத்து வேறுபாடே கிடையாது என்று சேகரக் கூட்டத்தில் நான் பெருமையாகச் சொன்னதுண்டு.

பிறகு, எங்கோ நடந்த ஒரு பயிற்சி முகாமில் குழுத் தலைமை என்று பாடம் கேட்டுவிட்டு வந்து, பொறுப்புகளைப் பிரித்தேன். வாலிபர்களுக்கு நாற்காலி, மைக், பந்தல். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் சமையலும் ஆலயத்தைக் கூட்டுவதும். பெரியவர்களுக்குக் காணிக்கை எடுப்பது. ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பார்க்க நன்றாக இருந்தது. ஆனாலும் சார் வரட்டும் குறையவில்லை. சபை விருந்தான அசனப் பண்டிகைக்கு முந்தின நாள் பந்தலுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்த ஒரு பையன் கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சொன்னான்: “சார், தூக்குறது நாங்க. எங்க வைக்கணும்னு சொல்றது நீங்க. இதுல எங்க பொறுப்பு எது?” கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டான். என்னிடம் பதில் இல்லாததால், மழை வருவதற்குள் கம்பை ஊன்றச் சொன்னேன்.

2015 செப்டம்பரில் மூணாறு டவுனில் நடந்ததைத் தமிழ்ப் பத்திரிகை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருஷம் போனஸ் 10 சதவீதம் என்று குறைந்தது. கொழுந்தெடுக்கிற பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வந்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீதம் போனஸ், 232 ரூபாய் நாள் கூலியை 500 ஆக்குவது என்று கேட்டார்கள். பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர் வந்தது. தொழிற்சங்கத் தலைவர்களைத் தங்கள் பந்தலில் சேர்க்கவில்லை. 8.33 சதவீதம் போனசும் 11.67 சதவீதம் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. கூலி அடுத்த சுற்றுப் பேச்சில் 301 ரூபாயானது.

அந்தக் கூட்டத்தில் எங்கள் சபைப் பெண்கள் இருந்தார்கள். நான் கீழே போய்ப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இடது பக்கப் பெஞ்சில் முக்காடு போட்டு உட்கார்ந்து, கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறவர்கள் மைக்கைப் பிடித்துப் பேசினார்கள். அதைவிட என்னைக் கவர்ந்தது மைக்குக்குப் பின்னால் நடந்தது. இன்றைக்கு யார் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பது, எந்த டிவிஷன் ராத்திரி இருப்பது, சாப்பாட்டுக்கு வந்த அரிசி எங்கே என்பதையெல்லாம் நின்ற இடத்திலேயே பேசி முடித்தார்கள். கமிட்டி என்று ஒன்றில் அவர்களை நாங்கள் ஒருநாளும் உட்காரவைத்ததில்லை. இதை எங்கே கற்றார்கள் என்று யோசித்துக்கொண்டே மலையேறினேன். யோசனை அன்றோடு நின்றது. நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் அந்தப் பெண்களில் சிலர் வென்றார்கள், பிறகு தலைமைக்குள் பிளவு வந்தது. ‘பார்த்தீங்களா, ஒரு தலைவன் இல்லாட்டி இப்படித்தான்’ என்று எங்கள் கமிட்டியில் ஒருவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன்.

அந்தப் பெண்கள் எங்கே கற்றார்கள் என்பதற்குப் பதில் 2018 ஆகஸ்டில் வந்தது. உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு உடுமலைப்பேட்டை போயிருந்தேன். மழை ஊற்றியது. மூணாறு - மறையூர் ரோட்டில் பெரியவாரைப் பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. போன் இல்லை, கரண்ட் இல்லை. கீழேயே மாட்டிக்கொண்டேன். ஆலயத்துச் சாவி, குடும்பப் பதிவேடு, பேங்க் பாஸ்புக் மூன்றும் என் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடந்தன. நான் இல்லாமல் என்ன செய்வார்கள் என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை. கவலைதான். அந்தக் கவலையில் கொஞ்சம் இனிப்பும் கலந்திருந்ததை இப்போது மறைக்க வேண்டியதில்லை.

நடந்தும் ஜீப்பிலுமாக ஒருவழியாக வந்து சேர்ந்தபோது, ஆலயத்துப் பூட்டு உடைக்கப்பட்டிருந்தது. ஆற்றோர லயங்களிலிருந்து வந்த குடும்பங்கள் உள்ளே தங்கியிருந்தன. கிறிஸ்தவர்கள், இந்துக்கள் எல்லாரும் கலந்து. வாசலில் ஒரு ஸ்கூல் நோட்டு நூலில் கட்டித் தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். லயம் வாரியாகப் பக்கம் பிரித்திருந்தார்கள். வீட்டு நம்பர், எத்தனை தலை, பால் குடிக்கிற பிள்ளை உண்டா, தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர் யார், மாத்திரை எந்த நாள் வரைக்கும் இருக்கிறது. ஒரு வரி இப்படி இருந்தது: ‘பதினோராம் நம்பர் - எட்டு மாசம் - ஜீப் சொல்லியாச்சு’. கையெழுத்து மூன்று நான்கு பேருடையது.

என் குடும்பப் பதிவேட்டில் குடும்பத் தலைவரின் பெயர், ஞானஸ்நானத் தேதி, சங்கக் காணிக்கை பாக்கி ஆகியவை இருக்கும். பாக்கியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருப்பேன். அந்த இரவுகளில் அது கையில் கிடைத்திருந்தாலும் ஒருவருக்கும் உதவியிருக்காது.

“இதெல்லாம் யார் முடிவு பண்ணினது?” என்று கேட்டேன். கொழுந்து வேலை செய்கிற ஒரு அக்கா, “யாரு சார் முடிவு பண்ண? உக்காந்தோம், பேசினோம், எழுதினோம். எங்க கூட்டத்துல வாராவாரம் பண்றதுதானே” என்றார். அவர் சொன்ன கூட்டம் குடும்பஸ்ரீ. பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, “நல்ல வேளை சார், நீங்க இங்க இல்ல” என்றார். நான் கீழே பத்திரமாக இருந்ததைத்தான் சொன்னார். எனக்கு வேறு விதமாகவும் கேட்டது.

குடும்பஸ்ரீ 1998-ல் கேரள அரசு தொடங்கியது. நான் அதைக் கடன் கொடுக்கிற, ஊறுகாய் போடுகிற சங்கம் என்று நினைத்திருந்தேன். எங்கள் லயத்துப் பெண்கள்தான் எனக்கு விளக்கினார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் 10 முதல் 20 பேர் சேர்ந்தது ஒரு அயல்கூட்டம். வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள். தலைவி, செயலர் தவிர, சுகாதாரத்துக்கு ஒருவர், வருமானத் தொழிலுக்கு ஒருவர், ரோடு தண்ணீர் போன்ற வசதிகளுக்கு ஒருவர் என்று ஐந்து பேர் பொறுப்பு. அயல்கூட்டங்கள் சேர்ந்து வார்டு அளவில் ஒரு அமைப்பு, அதற்குமேல் பஞ்சாயத்து அளவில் ஒன்று. பொறுப்புக்குத் தேர்தல் உண்டு. யாருக்குக் கடன், எவ்வளவு, திருப்பித் தராதவரை என்ன செய்வது என்பதை அந்தப் பத்திருபது பேரே தீர்த்துக்கொள்வார்கள். மாத்திரைக் கணக்கு எழுதியது அவர்களுடைய சுகாதாரப் பொறுப்பாளர்தான். அவர் எங்கள் சபையில் ஐந்நூறு பேர் அசனத்துக்கு வெங்காயம் உரிக்கிறவராக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்தார்.

பந்தல் கம்பைக் கீழே போட்ட பையனின் கேள்விக்கு அப்போதுதான் பதில் புரிந்தது. நான் வேலையைப் பங்கிட்டேன், முடிவைப் பங்கிடவில்லை. வேலையை மட்டும் பங்கு வைத்தால் உதவியாளர்கள் கிடைப்பார்கள். குழு கிடைக்காது.

இதற்குப் பிறகு பழைய பாடங்களையே வேறு கண்ணோடு வாசித்தேன். தலைமைப் பயிற்சி என்றாலே யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரத்தைத்தான் எடுப்பார்கள்: மோசேயின் மாமனார் எத்திரோ, ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொல்கிறார். மோசேயின் வேலைப்பளு குறைந்தது என்பதோடு பாடத்தை முடித்துவிடுவோம். சின்ன வழக்குகளை அந்தத் தலைவர்களே தீர்ப்பார்கள் என்பதுதான் அங்கே இருக்கிற ஏற்பாடு. பத்துப் பேருக்குத் தலைவர் மோசேக்கு மனு எழுதிக் கொடுக்கிறவர் இல்லை, தீர்ப்புச் சொல்கிறவர்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் எங்கள் ஊருக்கே எழுதியது மாதிரி இருந்தது. எருசலேம் சபையில் கிரேக்கம் பேசுகிற விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் விடுபட்டுப்போகிறார்கள். மொழி வேறு என்பதால் வந்த குறை. அப்போஸ்தலர்கள் தங்களுக்கு வேண்டிய ஆட்களை நியமித்துவிடவில்லை. நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்று சபையாரிடம் விட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர், தீமோன் என்று போகிற அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்திலிருந்தே ஆளெடுத்து, பந்தியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று படிக்க இடமிருக்கிறது. எத்தனையோ தடவை அதை வைத்துப் பிரசங்கம் செய்தவன் நான்.

வெளியுலகத்திலும் இதே கதைதான். 1742-ல் பிரிஸ்டலில் ஆலயக் கடனை அடைக்க, ஜான் வெஸ்லியின் ஆட்கள் பன்னிரண்டு பேருக்கு ஒருவரென்று வாரம் ஒரு பென்னி வசூலிக்கக் கிளம்பினார்கள். வீடு வீடாகப் போனதில் யாருக்கு என்ன பாடு என்று தெரியவந்தது. வசூல் குழு ஆத்தும விசாரிப்புக் குழுவானது. மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டங்கள் பிறந்த கதை அது. சியோலில் போதகர் யாங்கி சோ 1964-ல் வேலைப் பளுவில் மயங்கி விழுந்த பிறகு, வீட்டுக் குழுக்களை ஏற்படுத்திப் பெண்களைத் தலைவிகளாக்கினார். அது உலகத்தின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்தது. ஆனால் 2014-ல், சபைப் பணத்துக்கு நஷ்டம் ஏற்படுத்திய பங்குப் பரிவர்த்தனை வழக்கில் அதே மனிதரைத் தென் கொரிய நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்தது. ஆயிரக்கணக்கான வீட்டுக் குழுக்கள் இருந்தும், பெரிய பணத்தைப் பற்றிய முடிவு மேலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம்.

நாங்கள் செய்தது சின்ன அளவுதான். முதலில் குடும்பங்களைக் குழுவாகப் பிரித்தோம். சொந்த ஊர்வாரியாக, அதாவது கோவில்பட்டிக்காரர்கள் ஒன்று, சங்கரன்கோவில்காரர்கள் ஒன்று என்று பிரிக்கலாமென்று ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு குழுவும் ஒரு பெரிய வீட்டின் சொந்தபந்தமாகிவிடும். மாமா சொன்னதை மருமகன் மறுக்க மாட்டான். ஆகவே லயம் வாரியாகப் பிரித்தோம். ஒரே பைப்பில் தண்ணீர் பிடிக்கிறவர்களுக்கு ஒருவரை ஒருவர் எதிர்த்துப் பேசிப் பழக்கம் உண்டு. குழுவுக்கு இரண்டு பொறுப்பாளர், ஒருவர் கட்டாயம் பெண். சுகமில்லாதவர்களுக்கு உதவிப் பணம், சாவு வீட்டு ஏற்பாடு, தங்கள் முறை வருகிற ஞாயிற்று ஆராதனை ஆகிய மூன்றிலும் குழு சொல்வதே முடிவு. கமிட்டி பிறகு கணக்குப் பார்க்கலாம், முன்னால் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

காணிக்கையை மாறிமாறி மூன்று பேர் எண்ணி, ஆராதனை கலைவதற்குள் தொகையை போர்டில் எழுதிப்போட வேண்டும். மாதம் ஒருமுறை பாஸ்புக் ஜெராக்ஸ் நோட்டீஸ் போர்டில். மலையாளக் கடிதம் வந்தால் கமிட்டியில் ஒரு பையனோ பெண்ணோ சத்தமாக வாசித்து, கீழே தமிழில் சாரத்தை எழுத வேண்டும். கேரளத்துப் பள்ளியில் படித்த பிள்ளைகள் என்னைவிட வேகமாக வாசித்தார்கள். இத்தனை வருஷம் என் ஒருவனிடம் இருந்ததாக நான் நினைத்த திறமை, பின் பெஞ்சில் பத்துப் பேரிடம் சும்மா இருந்திருக்கிறது. செயலரும் பொருளாளரும் இரண்டு தவணைக்குமேல் அந்தப் பதவியில் இருக்கக்கூடாது என்பதையும் எழுதிவைத்தோம்.

எதிர்ப்பு நான் எதிர்பார்த்த இடத்திலிருந்தும் வந்தது, எதிர்பாராத இடத்திலிருந்தும் வந்தது. “ஆளாளுக்கு முடிவெடுக்க சபை என்ன சந்தையா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அது எதிர்பார்த்தது. பெண்களே தயங்கியது எதிர்பாராதது. ஒரு அக்கா கூட்டத்தில் எழுந்து சொன்னார்: “பொறுப்பு குடுக்குறீங்க, சரி. காலைல மஸ்டருக்குப் போயி சாயந்திரம் வரைக்கும் கொழுந்து, வந்தா தண்ணி, சோறு. இதுக்கு மேல கூட்டமும் கணக்குமா? முதல்ல இங்க இருக்கிற வேலைய குறைங்க.” அவர்கள் வைத்த நிபந்தனை, விசேஷத்துச் சமையலும் பாத்திரம் கழுவுவதும் ஆண்கள் பொறுப்பு. அந்த வருஷ அசனத்தில் கமிட்டி ஆண்கள் அண்டா தேய்த்தோம். சாம்பார் சுமார்தான். சுமையைக் குறைக்காமல் கொடுக்கிற பதவி மரியாதையாகாது, இன்னொரு வேலைதான் என்பதை அன்றைக்கு முதுகு வலியோடு தெரிந்துகொண்டேன்.

குழுக்களிலும் கோளாறு வந்தது. ஒரு குழு உதவிப் பணம் கொடுத்தபோது, எதற்கென்று நோட்டில் எழுதிவிட்டார்கள். ஒரு வீட்டுப் பெண்ணின் வியாதி லயம் பூராவும் பேச்சாகிவிட்டது. அந்தக் குடும்பம் சில மாதம் ஆலயத்துக்கே வரவில்லை. பழைய நான் என்றால் நோட்டை வாங்கிப் பூட்டியிருப்பேன். குழுவே உட்கார்ந்து, இனித் தொகையும் வீட்டு நம்பரும் மட்டும் எழுதுவது, காரணத்தை இரண்டு பொறுப்பாளர்கள் மனசோடு வைத்துக்கொள்வது என்று தீர்த்தது. அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டதும் அவர்கள்தான்.

எனக்குக் கடினமான நாள் வேறொன்று. ஆலயத்துக்குச் சுற்றுச்சுவர் கட்ட வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. கையில் பணமும் சேர்ந்திருந்தது. குழுப் பொறுப்பாளர்கள் அந்தப் பணத்தை ஜீப் காசாக வைக்க வேண்டுமென்றார்கள். ராத்திரி யாருக்காவது வலி வந்தால் ஆஸ்பத்திரி போக ஜீப் வாடகை கையில் இருக்காது. விடியட்டும் என்று காத்திருந்து கெட்ட கதைகள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. நான் எதிர்த்தேன். தவறாகப் பயன்படுத்துவார்கள், திரும்ப வராது, சுவர் என்றால் நிற்கும் என்றேன். வாக்கெடுப்பில் தோற்றேன். தீர்மானப் புத்தகத்தை நான்தான் எழுத வேண்டும். கை பழக்கத்தில் ‘ஒருமனதாக’ என்று ஆரம்பித்துவிட்டு, அடித்துவிட்டு, ‘பெரும்பான்மையாக’ என்று எழுதினேன். அந்தப் புத்தகத்தில் அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. என் பயமும் முழுக்கப் பொய்யாகவில்லை. கல்யாணத்துக்குப் போக ஜீப் காசு எடுத்தவர்கள் உண்டு. அவர்களிடம் குழுப் பெண்கள் தவணை போட்டு வசூலித்த விதத்தில் நான் வசூலித்திருக்க முடியாது. ஒருவர் முடிவில் நடக்கிற சபையில் அந்த ஒருவர் தோற்கிற வாய்ப்பே இல்லை. நான் தோற்கிற கூட்டம் ஒன்று நடந்ததை வைத்துத்தான் எங்களிடம் குழு என்று ஒன்று உண்டாகியிருக்கிறது என்று நம்பினேன்.

2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. காணாமல் போனவர்களையும் சேர்த்து 70 பேர். எல்லாரும் நம் ஜனம், பலருடைய பூர்வீகம் கயத்தாறு பக்கம். டவர் வேலை செய்யாததால் சேதி வெளியே வரவே விடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் குழுக்கள் நூலில் தொங்கிய அந்த நோட்டை மாதாமாதம் புதுப்பிக்கத் தொடங்கின. இன்ன வீட்டில் இன்றைக்கு யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று தெரிந்திருப்பது ஒரு சபையின் அடிப்படைக் கடமை என்று யாரும் தீர்மானம் போடவில்லை. செய்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது நான் பாலக்காட்டுப் பக்கம், சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை அருகே இருக்கிறேன். இங்கேயும் தமிழ்ச் சபைகள் நிறைய. தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குச் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் 2013 டிசம்பரில் வந்தது. அதற்குமுன் கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களின் ஓரத்தில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அன்பியக் கூட்டத்துக்குப் போவதைப் பார்க்கிறேன். தெருவாரியாகக் கூடி வேதம் வாசித்து, வீட்டு விஷயமும் பேசி முடிக்கிறார்கள். இங்கே நான் சேர்ந்திருக்கிற சபை சின்னது. வந்த புதிதில் மலையில் செய்ததையெல்லாம் இங்கே சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. இங்கே லயம் இல்லை. தென்னந்தோப்புக்கு நடுவே வீடுகள் தள்ளித்தள்ளி. பாதிப்பேர் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளில் ஷிப்ட் வேலை, மீதிப்பேர் பஸ் ஏறிக் கோயம்புத்தூர். வாரம் ஒரு நாள் எல்லாரும் உட்காருவது நடக்காது.

ஆனால் காலையும் மாலையும் பால் சொசைட்டிக்குத் தூக்குவாளியோடு வருகிறார்கள். சித்தூர்ப் பக்கம் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பேர்போனது. பால் ஊற்றிவிட்டு நிற்கிற நேரத்தில் தீவன விலையிலிருந்து யார் வீட்டில் காய்ச்சல் என்பது வரைக்கும் பேசி முடித்துவிடுகிறார்கள். மலையில் பெண்கள் கூட்டத்தைக் கண்டுகொள்ள எனக்கு ஒரு வெள்ளம் தேவைப்பட்டது. இங்கே வந்து கொஞ்ச நாளிலேயே சொசைட்டி வாசலில் போய் நிற்கப் பழகிக்கொண்டேன். குழுவை நாம் புதிதாக உண்டாக்க வேண்டியது அபூர்வம். ஜனங்கள் ஏற்கெனவே எங்கே கூடி முடிவெடுக்கிறார்களோ, அந்த இடத்துக்குச் சபையின் முடிவுகளில் கொஞ்சத்தை அனுப்பிவைத்தால் போதும்.

போன மாதம் இங்கே கமிட்டியார் வீட்டுக்கு வந்தார்கள். செயலர் பதவி காலி. “சாருக்கு மலையாளம் நல்லா வருமே” என்றார்கள். நான் இரண்டு நிபந்தனை சொன்னேன். கடிதத்தை நான் எழுதினால் செக் புத்தகம் என்னிடம் இருக்கக்கூடாது. கமிட்டியில் பாதி பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் என்ன முடிவெடுக்கலாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். அதைப் பற்றி அவர்களுக்குள் பலத்த விவாதம் நடந்து, முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். பதவி கிடைக்காமலும் போகலாம். விவாதம் நடக்கிறதே, எனக்கு அது போதும்.